மண்ணுக்குள்ள கிடக்கிற பானையும் நம்ம வீட்டு எவர்சில்வர் குடமும்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடிச்சு, எப்படா கிளம்பலாம்னு இருக்கிற நேரத்துல என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. அதனால விஷயத்துக்கு நேரா வந்துடறேன். அடுத்த மாதம் நம்ம ஊர் நடுநிலைப்பள்ளியில ஒரு நாள் முழுக்கத் தொல்லியல் கண்காட்சியும் பேச்சும் நடக்கப் போகுது. தொல்லியல் படிச்சவங்க வர்றாங்க. பழைய பானை ஓடுகளைக் கொண்டு வந்து காட்டுவாங்க, எப்படித் தோண்டுறாங்க, எப்படி வயசு கண்டுபிடிக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. இதுக்கு நம்ம குழுப் பெண்கள் எல்லாரும் வரணும்னு கேட்கத்தான் வந்திருக்கேன்.

கூட்டம் காட்டுறதுக்காக இல்லம்மா. கூட்டம் காட்ட உங்களை எத்தனையோ பேர் கூப்பிடுறாங்க, வேனும் அனுப்புறாங்க. இது அது இல்லை.

ஊருக்குத் தெற்கே இருக்கிற மேட்டுப்புஞ்சை உங்களுக்கெல்லாம் தெரியும். ஆடு மேய்க்கப் போறவங்க, விறகு பொறுக்கப் போறவங்க கால்ல கருப்பும் சிவப்புமா ஓடு குத்தாம வந்ததில்லை. அந்த மேட்டு மண்ணைச் செங்கல் சூளைக்கு எடுக்கணும்னு இப்பப் பேச்சு நடக்குது. போன கோடையில அது ஓரமா வாய்க்கால் தோண்டுனப்போ ஒரு பெரிய தாழி வந்துச்சு. தங்கம் இருக்கும்னு கடப்பாரையால உடைச்சுப் பார்த்தாங்க. உள்ள எலும்பும் மண்ணும் ரெண்டு சின்னக் கலயமும்தான். எல்லாத்தையும் கரையில வீசிட்டுப் போயிட்டாங்க. மழை வந்து கரைச்சுருச்சு. இந்த மேடு போறதா இருக்கிறதா என்பது கிராமசபையில பேச வேண்டிய விஷயம். பேசணும்னா அது என்னன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் இந்த ஒரு நாள்.

கீழடி பேரைக் கேட்காதவங்க இங்க இருக்க மாட்டீங்க. சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் பக்கம். மதுரையில இருந்து பஸ் ஏறினா அரை மணி, முக்கால் மணி நேரத்துல போயிடலாம். ஆனா அது எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா, யாரோ பெரிய அதிகாரி வந்து கண்டுபிடிச்சாருன்னு சொல்லுவீங்க. அது பாதிதான். 1970களிலேயே அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல வரலாறு நடத்தின வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு. கிணறு தோண்டும்போது வந்த பழைய சாமான்களைப் பிள்ளைங்க எடுத்துட்டு வந்து காட்டியிருக்காங்க. அவரு அதைக் குப்பையில போடாம பள்ளிக்கூடத்துலயே வச்சு, தொல்லியல் துறைக்கும் தெரியப்படுத்தினாரு. நாப்பது வருஷம் கழிச்சுத்தான் அங்க முறையா தோண்டவே ஆரம்பிச்சாங்க.

2013-14ல மத்திய தொல்லியல் துறைக்காரங்க வைகைக் கரையோரமா ஊர் ஊரா நடந்தே பார்த்து, 293 இடங்கள்ல பழைய தடயம் இருக்குன்னு குறிச்சாங்க. அதுல ஒண்ணுதான் கீழடியில இருந்த தென்னந்தோப்பு மேடு. அந்த மேட்டுக்கு ஊர்க்காரங்க வச்ச பேரு பள்ளிச்சந்தைத் திடல். சமணப் பள்ளிக்கு மானியமா விட்ட நிலத்தைப் பள்ளிச்சந்தம்னு கல்வெட்டுல சொல்லுவாங்க. பேரைப் பாருங்க, புத்தகத்துல யாரும் எழுதி வைக்காததை ஊர் வாய் வச்சிருந்திருக்கு. நம்ம ஊர்லயும் தாழிமேடு, பாண்டியன்குழி, கோட்டைக்கரைன்னு பேரு வச்சிருக்கோமே, அதெல்லாம் சும்மா வச்ச பேரா? நிலத்தோட பேரு, ஓடையோட பேரு, எந்தப் புஞ்சையில உழுதா ஓடு வரும் என்பதெல்லாம் பட்டாவுல இருக்காது. களை எடுக்கப் போற பொம்பளைகளுக்குத்தான் தெரியும். அதனாலதான் சொல்றேன், வர்றவங்களுக்கு நீங்க சொல்ல வேண்டியதும் இருக்கு.

2015ல தோண்ட ஆரம்பிச்சாங்க. மூணு கட்டம் மத்திய துறை செஞ்சுது, 2018ல இருந்து தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை செய்யுது. 2019 செப்டம்பர்ல நாலாம் கட்ட அறிக்கை வந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்துல, அதாவது பதினொன்றரை அடிக்குக் கீழே எடுத்த கரித்துண்டை அமெரிக்காவுல ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பி, அது கி.மு. 580ஐச் சேர்ந்ததுன்னு முடிவு வந்தது. இன்னைக்கு 2,600 வருஷம். இந்தக் காலக்கணக்கைப் பத்தி அறிஞர்களுக்குள்ள விவாதமும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. அது நடக்கட்டும், நல்லதுதான்.

அந்த அறிக்கை வந்த பிறகு பார்த்தீங்களா, ஜனங்க கிளம்பி வந்தது? ஐந்தாம் கட்டம் தோண்டிக்கிட்டு இருக்கும்போதே திருவிழாவுக்குப் போற மாதிரி பஸ்ஸும் வேனுமா ஆயிரக்கணக்குல வந்தாங்க. குழி ஓரமா கயிறு கட்டி, இது உறைகிணறு, இது செங்கல் சுவருன்னு விளக்கினாங்க. கைப்பிள்ளையோட வந்த பொம்பளைகள், வயசானவங்க, வேலைக்கு லீவு போட்டு வந்தவங்கன்னு அத்தனை பேரும் வெயில்ல நின்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு நம்ம நாட்டுல ஒரு ஆராய்ச்சி நடக்கிற இடத்துக்கு மக்கள் தாமா இப்படிப் போனது அபூர்வம். 2023 மார்ச் 5ஆம் தேதி அங்கேயே செட்டிநாட்டு வீடு மாதிரி அருங்காட்சியகம் கட்டித் திறந்தாங்க. நம்ம கூட்டமைப்பு சுற்றுலா போறதா இருந்தா அங்க ஒரு தரம் போயிட்டு வரணும். விடுமுறை என்னைக்கு, நேரம் என்னன்னு முன்னாடியே விசாரிச்சுக்கிட்டுப் போங்க.

அங்க என்ன இருக்கு? தங்கக் குவியல் இல்லை. சில தங்க நகைத் துண்டுகள் இருக்கு, அவ்வளவுதான். மத்தபடி இருக்கிறதெல்லாம் நம்ம வீட்டுச் சாமான். நூல் நூற்கிற தக்களி. தறி வேலைக்குன்னு சொல்ற எலும்பு முனை. சங்கு வளையல் துண்டு. சூதுபவள மணி, பாசிமணி. தாயக்கட்டை, ஆட்டக்காய். பானை ஓட்டை வட்டமாத் தேய்ச்ச சில்லு. அந்தச் சில்லைப் பார்த்ததும் இங்க யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை, பாண்டி ஆடாத பொண்ணு யாரு? மாடு, எருமை, ஆட்டு எலும்புகளும் நிறையக் கிடைச்சிருக்கு. கால்நடைக் கடன் வாங்கி மாடு வச்சிருக்கிற குழுக்களுக்கு அது புரியும்.

கருப்பு சிவப்புப் பானைன்னு ஒண்ணு. உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கருப்பு, வெளியே சிவப்பு. வர்ணம் பூசலை. பானையைக் கவுத்துப் போட்டுச் சுடுவாங்க. உள்ள காத்துப் புகாது, அதனால கருக்கும். வெளியே காத்துப் படும், அதனால சிவக்கும். இதை ஒரு படிச்ச பிள்ளைக்குச் சொல்லப் பத்து நிமிஷம் ஆகும். மண்பானையில சோறு வடிச்ச அப்பத்தாக்களுக்கு ஓட்டைக் கையில கொடுத்தா, இது சட்டி ஓடு, இது குடத்துக் கழுத்து, இது மூடின்னு அவங்களே பிரிச்சு வச்சிருவாங்க. இந்த மாதிரி நிகழ்ச்சிகள்ல மேடையில ஒருத்தர் பேச, கீழே எல்லாரும் கைதட்டுறதோட முடிஞ்சா எனக்குத் திருப்தி இல்லை. ஓடு கைக்கு வரணும். வர்றவங்ககிட்ட அதை முன்கூட்டியே சொல்லியாச்சு.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாலாம் கட்டத்துல மட்டும் தமிழி எழுத்து கீறின 56 பானை ஓடு கிடைச்சுது. தமிழ் பிராமின்னும் அந்த எழுத்தைச் சொல்லுவாங்க. அதுல ஆதன், குவிரன்னு ஆள் பேரு இருக்கு. கீறல் எல்லாம் ஒரே கை இல்லை, வேற வேற கை. குயவர் ஒருத்தரே எழுதியிருந்தா ஒரே மாதிரி இருக்கணும். சாமானை வச்சிருந்தவங்களே தங்கள் பேரைக் கீறியிருக்காங்கன்னு அதை வச்சு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

நம்ம வீட்டுக்குப் போய்ப் பாருங்க. எவர்சில்வர் குடம், தூக்குவாளி, தாம்பாளம் எல்லாத்துலயும் பேரு வெட்டியிருக்கும். கடையிலயே சின்ன மெஷினை வச்சு வெட்டித் தருவாங்க. எதுக்கு வெட்டுறோம்? விசேஷ வீட்டுக்குப் பாத்திரம் போனா திரும்பி வரணும்ல. மொய்யா கொடுத்தா இன்னார் கொடுத்ததுன்னு தெரியணும்ல. ராஜா கல்வெட்டு வெட்டினான், செப்பேடு கொடுத்தான்னு பாடத்துல நான் முப்பது வருஷம் நடத்தியிருக்கேன். ஆனா அரண்மனை இல்லாத ஒருத்தர் தன் சட்டியில தன் பேரைக் கீறி வச்சாருன்னா, அந்த ஊர்ல எழுத்து சாதாரண ஜனங்க கைக்கும் வந்திருக்குன்னு அர்த்தம். இங்க எத்தனை பேர் அறிவொளி இயக்கத்துல, குழுவுல சேர்ந்த பிறகு, கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தீங்க? முதல் தடவை உங்க பேரை நீங்களே எழுதினப்போ எப்படி இருந்துச்சு? அந்த ஓட்டைப் பார்க்கும்போது அது ஞாபகம் வரும்.

இப்பத் தாழி விஷயத்துக்கு வர்றேன். முதுமக்கள் தாழின்னு சொல்றோம், மதமதக்கத் தாழின்னும் சொல்லுவாங்க. நம்ம ஊர்ல ஒரு கதை உண்டு. அந்தக் காலத்துல கிழடுகளுக்குச் சாவே வராதாம், சுருங்கிச் சுருங்கிக் குழந்தை மாதிரி ஆகிடுவாங்களாம், மாடக்குழியில வச்சுப் பார்த்து முடியாம, பானையில உட்கார வச்சு, சாப்பாடும் விளக்கும் வச்சுப் புதைச்சிருவாங்களாம். என் அப்பத்தாவும் இதைச் சொல்லித்தான் என்னைப் பயமுறுத்துவாங்க. கதை நல்ல கதை. ஆனா ஆய்வுல தெரியிறது வேற. உயிரோட யாரையும் வைக்கலை. செத்தவங்களையோ, செத்த பிறகு சேகரிச்ச எலும்பையோ தாழியில வச்சு, கூடவே கலயம், இரும்புச் சாமான், மணி இதெல்லாம் வச்சுப் புதைச்சிருக்காங்க. தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர்ல வெள்ளைக்காரர் அலெக்சாண்டர் ரே 1899ல இருந்து தோண்டினப்பவே இந்த மாதிரித் தாழிகள் கூட்டம் கூட்டமா வந்துச்சு. கீழடி ஜனங்களோட இடுகாடு பக்கத்துல இருக்கிற கொந்தகைன்னு கருதுறாங்க. அங்க கிடைச்ச ரெண்டு மண்டை ஓட்டை வச்சு, இங்கிலாந்துல லிவர்பூல் பல்கலைக்கழகம் ஒண்ணுல அந்த மனுஷங்க முகம் எப்படி இருந்திருக்கும்னு உருவாக்கி 2025ல வெளியிட்டாங்க. படத்தைப் பார்த்தா நம்ம ஊர் டீக்கடையில உட்கார்ந்திருக்கிற ஆளு மாதிரிதான் இருக்கு.

நம்ம வாய்க்கால்ல உடைச்சாங்களே, அதுலயும் ஒரு மனுஷரோ மனுஷியோ இருந்திருக்காங்க. யாருன்னு இனிமே யாராலும் சொல்ல முடியாது.

உடைச்சா என்ன, ஓடுதான் அப்படியே கிடக்கேன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. நல்ல கேள்வி. நம்ம தீர்மான நோட்டுல இருந்து ஒரு பக்கத்தைக் கிழிச்சுத் தெருவுல போட்டுட்டோம்னு வைங்க. அதுல 5,000 ரூபாய்னு இருக்கு. தேதி இல்லை, முன்பக்கம் இல்லை, பின்பக்கம் இல்லை. அது கடனா, தவணையா, யாரு கட்டினது? ஒண்ணும் சொல்ல முடியாது. பானை ஓடும் அப்படித்தான். எந்த ஆழத்துல, எந்த மண் அடுக்குல, எதுக்குப் பக்கத்துல இருந்துச்சு என்பதுதான் கணக்கு. நம்ம குப்பைக்குழியில அடியில கிடக்கிறது பழைய குப்பை, மேல கிடக்கிறது நேத்துப் போட்டது. மண்ணும் அதே மாதிரி அடுக்கு அடுக்காத்தான் சேரும். அதனாலதான் பத்து மீட்டர் சதுரமா அளந்து, அதையும் நாலாப் பிரிச்சு, கொத்துக்கரண்டியால சுரண்டி, பிரஷ்ஷால தள்ளி, எடுத்த மண்ணையும் சல்லடையில சலிச்சுப் பார்க்கிறாங்க. கீழடியில அந்த வேலையில அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் கூலிக்குப் போயிருக்காங்க. மண் சுமக்கிறது, சலிக்கிறது, ஓடு கழுவிக் காய வைக்கிறது. கொஞ்ச நாள்ல அவங்க கண்ணு பழகி, மண்ணுக்குள்ள கடுகு சைஸ் மணியைக்கூட விடமாட்டாங்க. ஒரு ஜேசிபி அரை மணி நேரத்துல அந்த நோட்டு மொத்தத்தையும் கிழிச்சிரும்.

அடுத்தது நீங்க மனசுல வச்சிருந்தும் கேட்காம இருக்கிற கேள்வி. "தொல்லியல்காரங்க வந்தா நிலம் போயிடுமே டீச்சர்." இதைப் பயந்துக்கிட்டே எத்தனையோ ஊர்ல கிடைச்சதை மறைச்சு மூடிடறாங்க. பயம் முழுசும் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். உள்ளதைச் சொல்றேன். ஒரு நிலத்துல தோண்டணும்னா உரிமையாளர் சம்மதம் கேட்டுத்தான் வழக்கமா தோண்டுறாங்க. கீழடியில தென்னந்தோப்புக்குள்ள மரத்துக்கு நடுவுலதான் குழி வெட்டினாங்க. வேலை முடிஞ்சா பெரும்பாலும் மண்ணைப் போட்டு மூடிடுவாங்க. ஆனா ஒரு இடத்தை மத்திய அரசு பாதுகாக்கப்பட்ட சின்னம்னு அறிவிச்சுட்டா, 2010ல வந்த திருத்தப்படி அதைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா வீடு கட்ட முடியாது. அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல அனுமதி வாங்கிக் கட்டணும். ஓடு கிடைக்கிற எல்லா மேட்டுக்கும் இது வராது, அறிவிச்ச இடத்துக்கு மட்டும்தான். அருங்காட்சியகம் மாதிரி நிரந்தரமா வைக்கணும்னு நிலம் எடுத்தா இழப்பீடு உண்டு. இதுல சந்தேகம் இருந்தா அந்த நாள்ல எல்லார் முன்னாடியும் கேளுங்க. ஆம்பளைங்க கேட்கட்டும்னு விடாதீங்க. கூட்டுப்பட்டாவுல உங்க பேரும் இருக்கும்.

புதையல் சட்டமும் தெரிஞ்சு வச்சுக்கணும். இது 1878ஆம் வருஷத்துச் சட்டம், அதுல 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ளதுன்னுதான் எழுதியிருக்கு. அந்தக் காலத்துப் பத்து ரூபாய்! மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்த மதிப்புள்ள பொருள் கிடைச்சா, என்ன கிடைச்சது, எங்கே, எந்தத் தேதின்னு எழுதி மாவட்ட ஆட்சியருக்குத் தெரியப்படுத்தணும். நமக்கு எளிய வழி, கிராம நிர்வாக அலுவலர்கிட்டயோ தாசில்தார்கிட்டயோ எழுத்துல கொடுத்து, கொடுத்ததுக்கு ஒரு நகல் வாங்கி வச்சுக்கிறது. உரிமை கோர யாரும் இல்லைன்னு முடிவானா, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தனக்கு வேணும்னு எடுத்தா, பொருளோட மதிப்பும் அதுக்கு மேல ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கணும். மறைச்சா பங்கும் போயிடும், ஜெயிலோ அபராதமோ வரும். வாய்க்கால் வேலையில கூலிக்கு நின்ன பொம்பளை கண்டெடுத்தாலும் கண்டெடுத்தவர் அவர்தான், மேஸ்திரி இல்லை. இதை நல்லா மனசுல வைங்க.

பழைய காசு இருக்கா, பாசி இருக்கா, வெண்கலச் சிலை இருக்கான்னு பையைத் தூக்கிக்கிட்டு வர்றாங்களே, அவங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள் வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேணும். கேட்டுப் பாருங்க, ஆளு அடுத்த தெருவுக்குப் போயிடுவாரு.

பிள்ளைங்களைக் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில தொன்மைப் பாதுகாப்பு மன்றம்னு வச்சு, பிள்ளைங்களுக்குக் கல்வெட்டுப் படிக்கவே சொல்லிக் கொடுத்திருக்காங்க. மீனவர் வீட்டுப் பிள்ளைங்களும் கூலி வீட்டுப் பிள்ளைங்களும் பழைய எழுத்தைத் தடவித் தடவிப் படிக்குதுங்க. நம்ம பள்ளியிலும் அப்படி ஒண்ணு தொடங்கலாமான்னு தலைமையாசிரியர்கிட்ட கேட்டிருக்கேன். பெற்றோர் கேட்டா சீக்கிரம் நடக்கும்.

கோயில் பக்கத்துல சாஞ்சு கிடக்கிற கல்லையும் அந்த நாள்ல காட்டுவோம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க மூணு நடுகல் கண்டுபிடிச்சாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு, மாடு பிடிச்ச சண்டையில செத்த ஒருத்தருக்கு நட்டது அதுல ஒண்ணு. நம்ம கல்லு அவ்வளவு பழசா இருக்கணும்னு இல்லை. நீங்க மஞ்சள் பூசிப் பூ வைக்கிறதை யாரும் நிறுத்தச் சொல்லப் போறதும் இல்லை. எண்ணெய் மட்டும் ஒரு வாரம் ஊத்தாம இருந்தா எழுத்து இருக்கான்னு பார்க்கலாம். வயசானவங்க அந்தக் கல்லைப் பத்திச் சொல்ற கதையையும் எழுதி எடுத்துக்கணும். யாராவது ஒரு படிச்ச பொண்ணு நோட்டும் பேனாவுமா வரணும்.

அதுவரைக்கும் மேட்டுப்புஞ்சையில போய் யாரும் தோண்டிப் பார்க்க வேண்டாம். மேலாகக் கிடக்கிறதை எடுத்தா எந்தப் பக்கம் எடுத்தோம்னு ஒரு சீட்டு எழுதிக் கூடவே வைங்க. அக்டோபர் 2 கிராமசபையில இந்த மேட்டைப் பத்தித் தீர்மானம் கொண்டு வரலாமா என்பதை நிகழ்ச்சி முடிஞ்ச பிறகு குழுவாரியாப் பேசி முடிவு பண்ணுங்க. சூளையில நம்ம பெண்களும் வேலைக்குப் போறாங்க, அவங்க பேச்சையும் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். மண் வேற எங்கே கிடைக்கும்னு அவங்களுக்குத் தெரியாம இருக்காது.

இப்ப ஆக வேண்டிய வேலை இது. பள்ளிக்கூடத்து பெஞ்சு குட்டை, அப்பத்தாக்களால எழுந்திரிக்க முடியாது. குழுவுக்கு ரெண்டு நாற்காலி கொண்டு வந்துடுங்க. மத்தியானம் எலுமிச்சைச் சாதமும் துவையலும் போடலாம்னு பேச்சு. எந்தக் குழு சமையல், எந்தக் குழு தண்ணீர்னு இப்பவே பேசித் தீர்மானத்துல எழுதிடுவோம். பாத்திரம் கொண்டு வர்றவங்க பேரு வெட்டின பாத்திரமாப் பார்த்துக் கொண்டு வாங்க.